நாலு பொம்பளைகள், ஒரு தீவு, ஒரு ரூம்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், மதுரை

ராமேஸ்வரம் போவதற்கு மதுரைக்காரிக்குப் பயணக் கட்டுரை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பீர்கள். 170 கிலோமீட்டர் சொச்சம், காலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய் ராத்திரி வீடு திரும்புகிற தூரம்தான். ஆனால் அம்மாவுக்கு 70 முடிந்துவிட்டது, பெரியம்மாவுக்கு அதற்கும் மேலே, இரண்டு பேருக்கும் முட்டிவலி. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு அன்றைக்கே ரயில் ஏறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இரண்டு ராத்திரி தங்குவது என்று முடிவு. அம்மா, பெரியம்மா, நான், காலேஜ் படிக்கிற என் மகள். ஆண்கள் யாரும் வரவில்லை, அவரவருக்கு வேலை.

தங்குவது என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் புதூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று பெயர்தானே தவிர, இப்போது பாதி வேலை ஆன்லைன் வேலை. வருமானச் சான்று, ரயில் டிக்கெட், கோவில் ரூம், எல்லாம் அடுத்தவங்களுக்குப் போட்டுக் கொடுப்பேன். அப்படிப்பட்ட நானே போன ஆடியில் ராமேஸ்வரம் ரூமுக்கு 7,201 ரூபாய் ஏமாந்தேன். இதை வீட்டில் முழுசாகச் சொன்னதில்லை, இங்கேதான் முதல் தடவை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்களுக்குத் தெரிந்த ஒரு சத்திரத்தின் பெயரைப் போட்டுத் தேடினேன். முதலில் வந்தது விளம்பரம், அதைக் கவனிக்கவில்லை. கோபுரப் படம், ரூம் படம், வாட்ஸ்அப் நம்பர் எல்லாம் இருந்தது. பேசியவர் நல்ல தமிழில், "அமாவாசை டைம்மா, இப்ப போட்டாத்தான் உண்டு" என்றார். 3,600 ரூபாய் போட்டேன். போடும்போது திரையில் சத்திரத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. மேனேஜராக இருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டு, "சிஸ்டத்துல புக்கிங் நம்பரோட சேந்து வரலம்மா, 3,601 ரூபாயா இன்னொரு தடவை போடுங்க, முதல் தொகை தானா திரும்பிடும்" என்றார். அந்த ஒரு ரூபாய்தான் என்னை நம்ப வைத்தது. கணக்காகச் சொல்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று ஒரு நினைப்பு. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் உறைத்தது.

ஆன்லைன் பண மோசடியைப் புகார் செய்கிற 1930 நம்பருக்கு மறுநாள் காலையில்தான் போன் போட்டேன். வெட்கம், வேறென்ன. அந்த நம்பர் இருப்பதே, பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் நிறுத்தத்தான். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டுப் போனால் அங்கே நிறுத்த என்ன இருக்கும்? பணம் திரும்பவில்லை. இதில் கொடுமை, மத்திய அரசின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலிலேயே எச்சரிக்கை விட்டிருந்தது. கோவில் ஊர்களுக்குப் போகிறவர்களைக் குறிவைத்து போலி வலைத்தளம், போலி விளம்பரம், போலி வாட்ஸ்அப் கணக்கு வைத்து ரூம், டாக்சி, கேதார்நாத் ஹெலிகாப்டர் வரைக்கும் விற்கிறார்கள் என்று அச்சடித்த மாதிரி அதில் இருக்கிறது. அதை பிரின்ட் எடுத்து கடைச் சுவரில் ஒட்டியவளும் நான்தான். ஒட்டியது ஆவணியில்.

சரி, இந்தத் தடவைக்கு வருவோம். தை அமாவாசை, பொங்கல் லீவு, தெப்பத் திருவிழா எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தேன். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ராமேஸ்வரத்தில் ரூம் தேடுவது, தீபாவளிக்கு முதல் நாள் விளக்குத்தூண் பக்கம் ஆட்டோ தேடுகிற மாதிரி. கேட்ட காசைக் கொடுக்க வேண்டியதுதான், ஏமாற்றுகிறவனுக்கும் அந்த அவசரம்தான் முதலீடு.

கோவிலுக்குச் சொந்தமான தங்கும் விடுதி இருக்கிறது, அரசு சுற்றுலாக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. கோவில் விடுதியை அறநிலையத்துறை தளத்திலிருந்து மட்டும் பார்க்கவும், முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொள்ளவும். நடுவில் கோடு போட்டு 'ஜிஓவி' என்று எழுதிவிட்டு கடைசியில் டாட் காம் என்று முடிகிறவை எல்லாம் வேறு ஜாதி. எங்கள் தேதிக்கு அங்கே கிடைக்காததால் தனியார் லாட்ஜ் தேடினேன். மேப்பில் 'ராமேஸ்வரம் பீச்' என்று மலிவாக ஒன்று மின்னியது, புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தால் உச்சிப்புளி. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், தீவிலேயே இல்லை! தப்பு என்று சொல்ல மாட்டேன், அருகில்தான். எதற்கு அருகில் என்பதுதான் சங்கதி.

நான் பார்த்தது மூன்றே விஷயம். கோவிலின் கிழக்கு வாசலுக்கு நடந்து போகிற தூரமா. அந்த ஊர் 04573-ல் தொடங்கும் தரைவழி நம்பர் இருக்கிறதா, அதில் யாராவது எடுக்கிறார்களா. மோசமான விமர்சனங்களை முதலில் வரிசைப்படுத்திப் படித்தால் என்ன குறை சொல்கிறார்கள். தண்ணீர் உப்பு, லிஃப்ட் மெதுவாகப் போகிறது என்று திட்டியிருந்தால் எனக்கு நிம்மதி, ஏனென்றால் உண்மையிலேயே தங்கிய ஆள்தான் தண்ணீரைத் திட்டுவான். 'கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை', 'ராத்திரி மேனேஜர் கதவைத் தட்டினார்' என்று ஒரே ஒரு வரி இருந்தால்கூட அந்த லாட்ஜ் வேண்டாம்.

கடைசியில் ஒன்று தேறியது. போன் போட்டு, ரூமில் நின்று வீடியோ கால் வரச் சொன்னேன். "எதுக்கும்மா, போட்டோ அனுப்புறேனே" என்றார். போட்டோ எனக்கும் எடுக்கத் தெரியும், நடந்து காட்டுங்கள் என்றேன். காட்டினார். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, அதன் பக்கத்தில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்று அம்மாவின் முட்டிக்காகக் கேட்டேன், கம்பி இல்லை, வாஷ்பேசினைப் பிடித்துக்கலாம் என்றார். உண்மை பேசுகிறார் என்று தோன்றியது. நாலு பேர் ரூம், ராத்திரிக்கு 1,800. முன்பணம் 500 மட்டும், யூபிஐ-யில் லாட்ஜ் பெயரே வந்த பிறகு போட்டேன்.

முதல் நாள்

காலை பாசஞ்சர். மானாமதுரை தாண்டுவதற்குள் இட்லி காலி, பரமக்குடியில் பெரியம்மா முறுக்கை வெளியே எடுத்துவிட்டார்.

மண்டபத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஏறி ஒவ்வொரு சீட்டாக "ரூம் போட்டாச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கையில் கட்டாக விசிட்டிங் கார்டு. போட்டாச்சு என்றேன். எந்த லாட்ஜ் என்றார். நான் சொல்லவில்லை. பெரியம்மா சொல்லிவிட்டார், பெயர், ரூம் வாடகை, எத்தனை நாள், நாங்கள் யார் பெத்த பிள்ளைகள் எல்லாம்.

பாலம் வந்ததும் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தது, நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போகும், கப்பல் அடியில் போகும். பக்கத்திலேயே 1914-ல் வந்த பழைய பாலம் துருவேறி நின்றது. அம்மா புதுசைப் பார்க்கவே இல்லை, பழசையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணம் முடிந்து அப்பாவோடு அதில்தான் போனாராம், அப்போது இந்த ரோட்டுப் பாலம்கூட இல்லை, அது 1988-ல்தான் வந்தது. பெரியம்மா சுருக்குப்பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசு எடுத்துக் கடலில் போட்டார். "மீனுக்கா அம்மாச்சி?" என்று என் மகள் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் மொய்த்தார்கள். லாட்ஜ் பெயரைச் சொன்னதும் ஒரு இளவட்டம், "அங்கயாக்கா? அங்க மோட்டார் ரிப்பேரு, ரெண்டு நாளா தண்ணி இல்ல, ஆளுகளத் திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்காங்க. அங்கிட்டு நம்ம லாட்ஜ் ஒன்னு இருக்கு, ஏசி, 1,200-தான்" என்றான். முகத்தில் எவ்வளவு அக்கறை! அம்மா உடனே "அய்யோ, தண்ணி இல்லாம என்ன செய்ய" என்று தடுமாறிவிட்டார். நான் அங்கேயே ஸ்பீக்கரில் போட்டு லாட்ஜுக்கு போன் செய்தேன். "தண்ணியா? நல்லா வருதேம்மா, யார் சொன்னா?" என்று சத்தமாகக் கேட்டது. பையன் சிரித்துவிட்டான். வெட்கப்பட்ட மாதிரியே தெரியவில்லை. "சரிக்கா, ஏறுங்க, அங்கயே விட்டுர்றேன்" என்றான். கூலி எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்னால் கேட்டேன், ஆளுக்கா வண்டிக்கா என்றும் கேட்டேன். ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது.

போகிற வழியில் அவனே சொன்னான். ஆள் கொண்டுவந்து விட்டால் லாட்ஜில் ஒரு ரூமுக்கு 200, 300 கொடுப்பார்களாம். சீசனில் இன்னும் கூடும். "அந்தக் காசு யாருதுன்னு நெனைக்கிறீங்க, உங்க வாடகைலதான்க்கா ஏத்துவாங்க." இதை ஏன் என்னிடம் சொல்கிறாய் என்றேன். "நீங்கதான் ஏமாறலயே" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, என் 7,201-ஐத் தின்றவன் முகம்கூட எனக்குத் தெரியாது, இவனாவது எதிரில் நின்று பொய் சொன்னான்.

லாட்ஜ் ரிசப்ஷனில் வீடியோ காலில் பேசிய அதே ஆள். முதல் கேள்வி, "ஜென்ட்ஸ் யாரும் வரலியாம்மா?" என் மகள் வாயைத் திறப்பதற்குள் நான், "வரல, நாலு பேரு, நாலு பேருக்கும் ஆதார் இருக்கு" என்றேன். ஆதார் என்றால் நான் கொடுப்பது மறைத்த ஆதார், முதல் எட்டு எண் கட்டமாக மறைந்து கடைசி நாலு மட்டும் தெரிவது. ஆதார் தளத்திலேயே அப்படி இறக்கிக்கொள்ளலாம். அதன் ஜெராக்ஸில் லாட்ஜ் பெயர், தேதி, 'தங்குவதற்கு மட்டும்' என்று பேனாவால் குறுக்கே எழுதிக் கொடுத்தேன். "இப்படி யாரும் தர்றதில்லயே" என்றார். ஜெராக்ஸ் கடைக்காரியிடம் ஜெராக்ஸ் பற்றிப் பேசலாமா? கடையில் நான் தினமும் பார்க்கிறேன், லாட்ஜிலிருந்து பழைய பேப்பராகப் போன ஆதார் நகல்களில் கடலை மடித்து வருகிறது.

ரூம் சாவியை வாங்கிப் போனால், காட்டிய ரூம் இல்லை. பின்பக்கம், ஜெனரேட்டருக்கு நேர் மேலே, ஜன்னலைத் திறந்தால் டீசல் வாடை. இறங்கிப் போய், ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்ததே அந்த ரூம்தான் வேண்டும் என்றேன். ஆள் இருக்கிறது என்றார். நான் பையை ரிசப்ஷன் சோபாவில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டி, "யாத்தீ, முட்டி முட்டி" என்று ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் அந்த ரூம் காலியானது. யாரும் வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை.

உள்ளே போனதும் பையை வைப்பதற்கு முன்னால் தாழ்ப்பாளைப் பார்த்தேன். மேல் தாழ்ப்பாள் நன்றாக விழுந்தது. கீழே இருப்பதில் ஆணி ஆடியது. வீட்டிலிருந்து கொண்டுபோன ரப்பர் ஆப்பு ஒன்று உண்டு, கதவுக்கு உள்பக்கம் அடியில் செருகிவிட்டால் வெளியிலிருந்து தள்ள முடியாது, மாற்றுச் சாவி வைத்திருந்தாலும் சரி. 60 ரூபாய் சாமான். பாத்ரூம் வெண்டிலேட்டர் காரிடார் பக்கமா, வெளிச் சுவர் பக்கமா என்று பார்த்தேன். வெளிச் சுவர். மாடிப்படி எங்கே, மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அப்புறம் கேமரா. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். 2024 டிசம்பரில் இதே ஊரில், அக்னி தீர்த்தக் கரைப் பக்கம் ஒரு தனியார் உடை மாற்றும் அறையில் ரகசியக் கேமரா இருந்ததை, துணி மாற்றப் போன ஒரு பெண்தான் கண்டுபிடித்துச் சொன்னாள், இரண்டு பேரைக் கைது செய்தார்கள். அந்தப் பெண் சந்தேகப்பட்டு உற்றுப் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அதனால் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கட்டிலுக்கும் குளிக்கிற இடத்துக்கும் நேராக என்னென்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும்: கடிகாரம், செட்டாப் பாக்ஸ், சுவரில் செருகியபடியே விட்டிருக்கிற சார்ஜர், கூரையில் புகை காட்டும் கருவி, கண்ணாடி, தேவையில்லாத திருகு ஓட்டை. வேண்டாத சார்ஜரைப் பிடுங்கிவிட்டேன். விளக்கை எல்லாம் அணைத்து, திரையை இழுத்துவிட்டு, போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும், லென்ஸ் இருந்தால் சின்னதாகத் திருப்பி மின்னும்.

மின்னியது. கண்ணாடியின் மேல் மூலையில், நீலமாக, ஊசிமுனை அளவு. "அம்மா" என்றாள் மகள், குரலே வரவில்லை. எனக்கும் கை நடுங்கியது. கிட்டே போய் நகத்தால் சுரண்டினேன். கல் வைத்த ஒட்டுப்பொட்டு. யாரோ குளிக்கப் போகும்போது கழற்றி ஒட்டிவிட்டு மறந்திருக்கிறாள். பெரியம்மா இருட்டிலிருந்து, "ஏண்டி, லைட்டப் போடுங்கடி, மாத்திரை போடணும்" என்றார்.

அந்த ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். பொட்டு அங்கேயே இருக்கிறது, எடுக்க மனசு வரவில்லை.

இரண்டாம் நாள்

கிழக்கு வாசல் பக்கமே ரூம் எடுத்ததன் அருமை இன்றைக்குத்தான் தெரிந்தது. அக்னி தீர்த்தம் என்பது கடல், அதில் முழுகிவிட்டு ஈரத்தோடு கோவிலுக்குள் போய் 22 தீர்த்தம் ஆட வேண்டும், ஆனால் சாமி பார்க்க ஈரத் துணியோடு விட மாட்டார்கள். நடுவில் துணி மாற்ற வேண்டும். ரூம் தூரமாக இருக்கிறவர்கள் கிடைத்த தடுப்புக்குள் நுழைகிறார்கள். நாங்கள் ஈரம் சொட்டச் சொட்ட நடந்து ரூமுக்கு வந்து, தலை துவட்டி, புடவை மாற்றி, காபி குடித்துவிட்டுத் திரும்பப் போய் சாமி பார்த்தோம். போனையும் ரூமில் வைத்துவிட்டோம், கோவிலுக்குள் போன் கூடாது. அதை வாசலில் முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே நின்று அதையே நினைத்துக்கொண்டிருக்கும் வேலையும் இல்லை.

கடற்கரையிலேயே ஒருவர் ஒட்டிக்கொண்டார். 22 தீர்த்தம், சங்கல்பம், ஸ்பெஷல் தரிசனம், வரிசையில் நிற்க வேண்டாம், "நாலு பேருக்கு மொத்தமா 4,000 கொடுங்க, பெரியவங்க இருக்காங்கன்னு கொறச்சுச் சொல்றேன்". அம்மாவின் மனசில் தீர்த்தக் கட்டணம் ஆளுக்கு 25 ரூபாய். ஏதோ பழைய கணக்காக இருக்கும் என்று நினைத்து, நேராக கவுன்டருக்குப் போய் போர்டைப் படித்தேன். அவர் சொன்ன தொகைக்கும் போர்டுக்கும் சம்பந்தமே இல்லை. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் போனோம்.

மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்து கோடி தீர்த்தத்தில் முடிகிறது. கிணற்று விளிம்பில் ஏறி நின்று வாளியில் கயிறு போட்டு இறைத்து ஊற்றுகிறார்கள், பார்க்கவே கால் கூசும், அவர்களுக்கு அது படிக்கட்டு மாதிரி. ஏழாவதோ எட்டாவதோ கிணற்றில் ஒருவர் எங்களுக்கு முன்னால் போன குடும்பத்துக்கு முழு வாளி, எங்களுக்கு ஒரு கை. ஏன் என்று பெரியம்மா கேட்டார். அவர் பதில் சொல்லாமல் கையைத் தேய்த்துக் காட்டினார். பெரியம்மா விடவில்லை. "அய்யா, நான் வந்தது ராமநாதர்கிட்ட. உங்ககிட்ட கடன் வாங்க வரல. ஊத்துங்க." பின்னால் நின்ற பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். ஊற்றினார், மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு வாளி. அடுத்த கிணற்றில் இருந்தவர் கேட்காமலே நன்றாக ஊற்றினார், வரிசை முடிந்ததும் அவரைத் தேடிப்போய் அம்மா 20 ரூபாய் கொடுத்தார். பிரகாரம் முழுக்க ஈரக் கால்தடம், வழுக்கும், பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டே போகவும்.

சாயங்காலம் கடைத்தெரு. வலம்புரிச் சங்கு 2,500 என்றான், பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டார். நான் சங்கை வாங்கி வாயை வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே பார்த்தேன். நம் கடல் சங்கில் உள் தண்டில் மூன்று நாலு மடிப்பு வரி வரியாக விரலுக்குத் தட்டும். இதில் வழுவழு என்று இருந்தது. அமெரிக்கப் பக்கத்தில் ஒரு வகை நத்தை, அதன் ஓடு இயற்கையிலேயே வலம்புரி போலத்தான் சுற்றியிருக்குமாம், அதை இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். நிஜ வலம்புரி என்பது லட்சத்தில் ஒன்று என்பார்கள், அது தள்ளுவண்டியில் வரிசையாக எட்டு இருக்காது. "இது வேற ஊர் நத்தையாச்சே" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பூஜைக்கு எதுன்னா என்னம்மா" என்றார்.

அடுத்த கடையில் மிதக்கும் கல், தட்டில் தண்ணீர் வைத்து மிதக்கவிட்டுக் காட்டினார்கள். பக்கத்தில் வெள்ளையாகக் கிளைகிளையாக பவளப்பாறைத் துண்டு. இதை மட்டும் யாரும் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். பவளப்பாறை வனவிலங்குச் சட்டப்படி புலி, யானைக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பில் இருக்கிறது, விற்றாலும் குற்றம், பையில் வைத்திருந்தாலும் குற்றம். இந்தத் தீவுக்குப் பக்கத்தில்தான் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, 1986-ல் அறிவித்தது, 21 தீவுகள். பிடிபட்டால் மாட்டிக்கொள்வது நாம்தான், விற்றவர் அடுத்த ஆளுக்குத் தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள்

நேற்று ராத்திரி அந்த ஆட்டோப் பையனுக்கே போன் போட்டேன். ஊர் சுற்ற வருகிறாயா என்றேன். ஒரு துண்டுத்தாளில் ராமர் பாதம், கலாம் நினைவிடம், தனுஷ்கோடி, கோதண்டராமர் கோவில், திரும்ப லாட்ஜ் என்று எழுதி, அடியில் பேசிய தொகையை எழுதி, காத்திருப்பதும் இதிலேயே சேர்த்தி என்றும் எழுதி, அவன் கையில் கொடுத்தேன். "பாண்டு பத்திரம்மாதிரி இருக்கேக்கா" என்றான். பன்னிரண்டு இடம் சுற்றிக் காட்டுகிறோம் என்று 'பன்னிரண்டு பாயின்ட்' போர்டு ஊரெல்லாம் இருக்கிறதே, அதில் நாலு பாயின்ட் சங்குக் கடையும் முத்துக் கடையும்தான் என்று அவனே சொன்னான். அங்கேயும் கமிஷன்தான்.

தனுஷ்கோடிக்குத் தனி வண்டி போகாது, எங்கள் வேனில்தான் போக முடியும் என்று வழியில் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். ஒரு காலத்தில் அது உண்மை, மணலில் ஜீப்பும் வேனும்தான் போகும். 2017-லிருந்து கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு இருக்கிறது, அரசு பஸ்ஸே போகிறது. பழைய உண்மையை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அரிச்சல்முனையில் ஒரு பக்கம் பெண்கடல், குளம் மாதிரி. மறுபக்கம் ஆண்கடல், இரைச்சல். இரண்டும் சேருகிற இடத்தில் இழுப்பு பயங்கரம், குளிக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது, அதன் அடியிலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நாலு பையன்கள் இறங்கப் போனார்கள், போலீஸ்காரர் விசில் ஊதி ஏற்றினார். வரும் வழியில் இடிந்த தேவாலயம். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ஊரும் போயிற்று, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் ஆட்களோடு போயிற்று. அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து ஆட்டோவில் உட்கார்ந்தார். 'தனுஷ்கோடி கடலோர ரூம்' என்று விளம்பரம் பார்த்தால் மேப்பைத் திறந்து பாருங்கள். இந்த முனையில் லாட்ஜ் கிடையாது, பொழுது சாயுமுன் எல்லாரையும் கிளப்பி விடுகிறார்கள்.

லாட்ஜை காலி செய்யும்போது பில். இரண்டு ராத்திரி 3,600, அதற்கு மேல் 12 சதவீதம் ஜிஎஸ்டி 432. ஒரு நாளைக்கு 7,500 வரைக்கும் உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து 5 சதவீதம்தான். சொன்னேன். "சாப்ட்வேர் பழசும்மா" என்றார். சாப்ட்வேர் பழசு, காசு புதுசா என்று மகள் கேட்டாள். 180 போட்டு வேறு பில் வந்தது, அதில் ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். மனுஷர் கோபப்படவில்லை, எங்கள் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். மொத்தத்தில் நல்ல லாட்ஜ். பெயரைக் கேட்காதீர்கள், நாளைக்கு மேனேஜர் மாறினால் என்னைத் திட்டுவீர்கள்.

மறுநாள், கடை

காலையில் கடை திறந்து ஒரு மணி நேரம் இருக்கும். தெருவில் தெரிந்த பெரியவர் ஒருவர், ஒரு சீட்டை நீட்டினார். "அம்மாடி, ராமேஸ்வரத்துல ஒரு சத்திரம், இந்த நம்பருக்கு 3,000 போட்டு விடு. திதி கொடுக்கணும், ரூம் ரெண்டுதான் பாக்கி இருக்காம்."

போன ஆடியில் நான் தேடிய அதே சத்திரம். நம்பர் வேறு.

பணம் போடவில்லை. பெரியவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை ஊரில் அந்தச் சத்திரத்து வாசலைத் தாண்டிப் போனபோது போர்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த 04573 நம்பருக்கு அடித்தேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு ஒரு வயசான குரல் எடுத்தது. ஆன்லைனில் ரூமுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டேன்.

"நாங்க ஆன்லைன்ல பணமே வாங்குறதில்லம்மா. நேர்ல வாங்க, இருந்தா தர்றோம். இதையே தெனம் பத்துப் பேரு கேக்குறாங்க."

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். பெரியவர் கேட்டார். சீட்டைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டார். "ஆனா அந்தத் தம்பி ரொம்ப மரியாதையா பேசுச்சே" என்றார்.